செம்பி வாங்கி வந்த தொப்பை

அந்தக் காலத்தில் நாயும் பேசும், புழுவும் பேசும். பட்டணம் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. கறிக்கடை வாசனையைப் பிடித்துக்கொண்டு காட்டு நாய்களெல்லாம் அடித்துப் பிடித்து உள்ளே வந்து சேர்ந்தன. அதில் ஒருத்தி செம்பி. மூன்று குட்டிக்காரி. பால் வற்றிப்போய், குட்டிகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தன. பிழைக்குமா, பிழைக்காதா என்று அவளுக்கு ஒரே பதைப்பு.

சாக்கடையோர ஈர மண்ணிலிருந்து ஒரு புழு தலையை நீட்டியது. மண்தான் அதற்கு அதுவரை வீடு.

"எதுக்கு அழுவுற தாயி? உன் குட்டிங்க வயித்த நான் ரொப்புறேன். எனக்குக் குளிர் தாங்கல. உன் வயித்துல ஒண்டிக்க ஒரு மூலை குடு, போதும்."

"நெசமாவா?"

"தொப்பையே போடும், பாரு!"

செம்பி யோசிக்கவே இல்லை. லபக்கென்று விழுங்கிவிட்டாள். ஊறின கொஞ்சப் பாலோடு புழுவின் பிள்ளைகளும் குட்டிகளுக்குள் இறங்கின.

அடேயப்பா! குட்டிகளுக்குத் தொப்பை விழுந்ததே, பார்க்கணும்! ஒவ்வொன்றும் பூசணிக்காய் மாதிரி உருண்டது. செம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

"என் பிள்ளைங்க வயித்த வந்து பாருங்கடி!" என்று புழு விழுங்கின கதையையும் சொல்லிக்கொண்டு தெருத்தெருவாக ஓடினாள்.

பட்டணத்துத் தாய்நாய்கள் அத்தனை பேரும் திரண்டுவிட்டார்கள். முகர்ந்தார்கள், வாயைப் பிளந்தார்கள். "எங்கக்கா அந்தப் புழு? எனக்கும் ஒண்ணு!" என்று ஒரே தள்ளுமுள்ளு. சாக்கடையோர மண்ணைப் போட்டி போட்டுக்கொண்டு நக்கினார்கள்.

அந்தக் கும்மாளத்தின் நடுவில் கடைக்குட்டி சுருண்டு விழுந்தது. செம்பி பதறிப்போய் நக்கிக்கொடுத்தாள். தொப்பைக்கு மேலே விலா எலும்பெல்லாம் நாக்கில் இடறியது.

"அடப்பாவி! வயித்த ரொப்புறேன்னியே!"

"ரொப்பிட்டேனே தாயி," என்றது அவள் வயிற்றிலிருந்த புழு. "உள்ள பூரா என் பிள்ளைங்கதான்."

"முழுங்காதீங்கடி!" என்று செம்பி அலறினாள்.

"பொறாமையைப் பாரு! அவ பிள்ளை மட்டும் கொழுக்கணுமாம்!" என்று மற்றவர்கள் இன்னும் வேகமாக விழுங்கினார்கள்.

செம்பி வாய்க்கு எட்டிய புல்லைக் கடித்து, மென்று, குட்டியின் வாயில் திணித்தாள். குட்டி குமட்டிக் கக்கியது. ஒரு கொத்துப் புழு வெளியே விழுந்தது. குட்டி கண்ணைத் திறந்தது! செம்பி துள்ளிக் குதித்தாள்.

"வெளிய விழுந்த பிள்ளைங்க போனா போகட்டும்," என்றது வயிற்றுப் புழு. "உன் அடுத்த ஈத்துக் குட்டிங்களுக்கு நான் இருக்கேன்."

அன்று முதல்தான் பட்டணத்துத் தெருநாய்களின் வயிற்றில் புழு குடியிருக்கிறது. அன்று முதல்தான் பசியே இல்லாத நாயும் புல்லைக் கண்டால் நின்று கடிக்கிறது.