தொபியாஸ் கொண்டுவந்த லிவர்கள்

எங்கள் ஊர் பேண்டு செட்டில் ஒரு பழைய சைடு டிரம் உண்டு. அடித்தோலோடு கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் அதன் லிவர் என்ற சின்னப் பிடி உடைந்துபோயிருந்தது. ஊர்த்தலைவர் தொபியாஸ் வாயைத் திறந்தால் காக்கைகூடக் கத்தாது. அவர் பேண்டு செட்டு அடிக்க வந்திருந்த ஒரு சாவு வீட்டு வாசலில், தூறலோடு தூறலாக வந்து, மூன்று புது லிவர்களை நீட்டினார்.

“எங்கப்பா வாங்கித் தந்த டிரம்மு. புதுசா ஓட்டை போடக்கூடாது. இதுல ஒண்ணை இப்பவே மாட்டு. முடியலேன்னா டிரம்மை வச்சிட்டுப் போ.”

பழைய ஓட்டைகளுக்கு மூன்றுமே பொருந்தவில்லை. டிரம் அடிக்கும் இஞ்ஞாசி கம்பிகளை அப்படியே தொங்கவிட்டு, டிரம்மைத் தோளில் மாட்டினான்.

“லிவர் எங்கடா?”

“சாவுக்குக் கம்பியைத் தளர்த்தித்தானேய்யா அடிப்போம்? கல்யாணத்துக்குத்தான் கலகலன்னு கேக்க இறுக்கணும். ஊர்க் கல்யாணத்தையெல்லாம் நீங்க மதுரை செட்டுக்குக் கொடுத்திட்டீங்க. அடுத்த வாரம் உங்க மக கல்யாணமும் அவங்களுக்குத்தான். எங்களுக்கு மிஞ்சினது சாவுதான். இதுக்கு லிவர் எதுக்குங்கய்யா?”

நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தொபியாஸ் லிவர்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பெட்டியைத் தூக்கினார்கள். இஞ்ஞாசியின் டிரம் தொம், தொம்மென்று முன்னால் போனது. பின்னால் நடந்த தொபியாஸின் பைக்குள் மூன்று லிவர்களும் கல்லறைவரைக்கும் கலகலவென்று கல்யாணச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.