கோலம் போட்ட நண்டும் கலை ரசிகக் கொக்கும்

கடலோரத்து அலையாத்திக் காடு ஒன்றில் ஒரு குட்டி நண்டு இருந்தது. கடல் நீர் வடிந்ததும் வளையை விட்டு வெளியே வரும். மணலை அள்ளி வாயில் போடும், அதில் ஒட்டியிருக்கும் இரையைச் சப்பித் தின்னும், மிச்ச மணலைக் கடுகளவு உருண்டையாக்கித் துப்பிவிடும். வயிறு நிறைவதற்குள் வளையைச் சுற்றி உருண்டைகள் வரிசை வரிசையாகச் சேர்ந்து பெரிய கோலம் ஆகிவிடும். நண்டு அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு நாள் கேமராவோடு ஒரு மனிதர் வந்தார். சட்டையெல்லாம் சேறாகக் குப்புறப் படுத்து, அந்தக் கோலத்தை நூறு படம் எடுத்துக்கொண்டு போனார்.

அங்கே ஒரு கொக்கும் இருந்தது. கலை என்றால் அதற்கு உயிர். கலை என்றால் என்ன என்றுதான் தெரியாது. அது ஓடி வந்து, "ஓவியரே, இவ்வளவு அழகுக்கு உத்வேகம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டது.

"பசியிலிருந்து" என்றது நண்டு.

கொக்கு முகத்தைச் சுளித்தது. இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்றும், பெரிய கலைஞர்கள் உத்வேகம் வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள் என்றும் எடுத்துச் சொன்னது. நண்டை அதுவரை யாரும் ஓவியரே என்று கூப்பிட்டதில்லை. பாவம், மயங்கிவிட்டது. அன்றே சாப்பாட்டை நிறுத்தியது.

அதற்கு உத்வேகம் ஊட்டக் காடே கிளம்பியது. மீன்கொத்தி தன்னைப் பற்றித் தானே எழுதிய நாற்பது கவிதைகளை வாசித்தது. நீர்நாய் சினிமா காட்டுகிறேன் என்று நண்டின் முன்னால் இங்கும் அங்கும் ஓடியது. நடுவில் இடைவேளை விட்டு ஒரு மீனும் தின்றது. கொக்கு சூரிய உதயத்தைக் காட்டி, ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்டது. தின்னலாம் போலத் தோன்றுகிறது என்று சொல்ல நண்டுக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று நாள் ஆயிற்று. மணலில் ஓர் உருண்டைகூட இல்லை. நண்டுக்குக் கால்கள் நடுங்கின, கண் இருட்டியது. இன்னும் ஒரு நாள் பட்டினி கிடந்தால் செத்தே போகும். கொக்கோ அந்த வெறும் மணலைப் பார்த்துக் கண்கலங்கி, "இதற்கு 'மௌனம்' என்று பெயர் வைக்கலாம்" என்றது.

அப்போது அந்த மனிதர் மறுபடியும் வந்தார். மௌனத்தை மிதித்துக்கொண்டு நடந்தார். கொக்கு காலையிலிருந்து நின்ற இடத்துக்கு வந்ததும் சட்டென்று நின்றார். கறுத்த சேற்றில் கொக்கின் எச்சம் வெள்ளை வெளேரென்று சிதறிக் கிடந்தது. குப்புறப் படுத்தார். நூறு படம் எடுத்தார்.

அவர் போனதும் நண்டு மெல்ல நகர்ந்து வந்தது.

"ஓவியரே, இதற்கு உங்களுக்கு உத்வேகம் எங்கிருந்து வந்தது?"

கொக்கு யாராவது கேட்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நேற்றுத் தின்ற மீனிலிருந்து" என்றது.

நண்டு அதற்குள் மணலை அள்ளத் தொடங்கியிருந்தது. அதன் வாய் நிறைய மணல் இருந்தது.

நீதி: தன் வேலையை வயிறாரச் செய்பவரிடம் கலை தானே வந்து சேரும், உத்வேகத்துக்காகக் காத்துக் கிடப்பவருக்குப் பட்டினிதான் மிஞ்சும்.