கந்தல் வால் மாப்பிள்ளை

காட்டுக்கு நடுவே ஓர் ஆம்பல் குளம் இருந்தது. அதில் விரல் நீளமே உள்ள வண்ண மீன்கள் கூட்டமாக வாழ்ந்தன. உருவம்தான் சிறியது, ரோஷத்துக்குக் குறைவில்லை! அவற்றின் தலைவனுக்குச் செங்கண்ணன் என்று பெயர்.

அந்த மீன்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்தால், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு கல்லைப் பாசி போகத் துடைக்கும். சண்டை போடாமல் துடைத்து முடித்துவிட்டால் அவை ஜோடி. பாதியில் கடித்துக்கொண்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விட வேண்டியதுதான். துடைத்த கல்லில்தான் முட்டை. இரண்டும் மாறி மாறி வாலால் விசிறும், காவல் நிற்கும். இதில் தலைவனுக்கு ஒரு வேலையும் கிடையாது.

ஒருநாள் வெளியூர் வாத்து ஒன்று குளத்தில் வந்து இறங்கியது. தண்ணீருக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தது.

“என்ன இது, பாதிப் பேருக்குக் கந்தல் வால்! மலைக்கு அந்தப் பக்கத்து ஏரியில் மீன்களுக்கு வால் பட்டுத்துணி போல விரியும். கண்ணை எடுக்கவே முடியாது!”

வாத்து பறந்து போய்விட்டது. செங்கண்ணனுக்குத்தான் இரை இறங்கவில்லை.

கல்லிடுக்கில் குடியிருந்த வளைக்கையன் என்ற நண்டு இதைக் கவனித்தது. மீன் முட்டை என்றால் அதற்கு உயிர். ஆனால் கல்லை நெருங்கினாலே தகப்பன் மீன்கள் பாய்ந்து வந்து கண்ணைக் குத்தும். கிடுக்கியால் அவற்றின் வாலைக் கிழித்ததுதான் மிச்சம். ஒரு முட்டைகூட வாய்க்கு எட்டியதில்லை.

“தலைவரே, இதற்கா வருத்தம்?” என்றது நண்டு. “கந்தல் வாலுக்குப் பிறப்பதும் கந்தல் வால்தான்! நல்ல வாலுக்கு நல்ல வாலாகப் பார்த்து நீங்களே ஜோடி சேருங்கள். கொஞ்ச காலத்தில் இந்தக் குளமே பட்டுக்கடை ஆகிவிடும்!”

வாலைக் கிழித்தது யார் என்று செங்கண்ணன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாத்தின் சிரிப்பு அப்படிச் சுட்டிருந்தது.

மறுநாள் ஆண் மீன்களெல்லாம் வரிசையாக நின்றன. பக்கத்தில் நண்டு, பெரிய நிபுணன் போல உட்கார்ந்துகொண்டது.

“கறுத்தான், வாலை விரி!” என்றது செங்கண்ணன்.

கறுத்தான் என்ற இளம் மீன் வாலை விரித்தது. மூன்று இடத்தில் கிழிசல்.

“இது என்னப்பா கோலம்?”

“அக்காவின் முட்டைக்குக் காவல் நின்றபோது கிழிந்தது, ஐயா. இதோ உட்கார்ந்திருக்கிறதே, இந்த நண்டுதான்...”

“நானா?” என்று நண்டு குதித்தது. “அபாண்டம்! இவன் அப்பனுக்கும் வால் இப்படித்தான். தாத்தாவுக்கும் இப்படித்தான்! பரம்பரைக் கோளாறுக்கு என்மேல் பழியா?”

அவற்றின் வால் கிழிந்திருந்தது என்னவோ உண்மைதான். அப்பனும் தாத்தாவும் காவல் நின்றவைதான்.

செங்கண்ணனின் மகள் முத்தழகி முன்னால் வந்தது. “அப்பா, நானும் கறுத்தானும் கல்லைத் துடைத்து முடித்துவிட்டோம். ஒரு தடவைகூடச் சண்டை வரவில்லை!”

“கல்லை யார் வேண்டுமானாலும் துடைக்கலாம். வாலைப் பார், வாலை!”

பட்டுவாலன் என்ற மீனின் வாலில் ஒரு கீறல்கூட இல்லை. அதையே மாப்பிள்ளை ஆக்கியது செங்கண்ணன். மற்றப் பெண் மீன்களுக்கும் அப்படியே கிழியாத வாலாகப் பார்த்து ஜோடி சேர்த்தது. கந்தல் வால்களை எல்லாம் குளத்தை விட்டு வாய்க்காலுக்கு விரட்டியது. கறுத்தான் போகும்போது ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தது. செங்கண்ணனுக்கு மனசுக்குள் சுருக்கென்றது. எல்லாம் மகளின் நல்லதுக்குத்தான் என்று தன்னையே தேற்றிக்கொண்டது.

முத்தழகி முட்டையிட்டது. செங்கண்ணன் தினமும் வந்து கல்லைச் சுற்றியது. முட்டைக்குள் சின்னச் சின்னக் கண்கள் கறுப்பாகத் தெரியத் தொடங்கின.

“என் பேரப்பிள்ளைகள்! வால் எவ்வளவு நீளம் வருமோ!”

அன்று காலையில் நல்ல மழை. நண்டு ஒளியாமல் மறையாமல், நேராகக் கல்லை நோக்கி நடந்து வந்தது.

“இந்தப் பக்கம் வாருங்கள்! விரட்டுங்கள்!” என்று முத்தழகி கத்தியது.

பட்டுவாலன் கிடுக்கியைப் பார்த்தது. தன் வாலைப் பார்த்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு ஆம்பல் இலைக்கு அடியில் போய்ப் பதுங்கிவிட்டது.

முத்தழகி தனியாக எவ்வளவு நேரம்தான் சண்டை போடும்? சத்தம் கேட்டுச் செங்கண்ணன் ஓடி வந்தபோது கல் வெறிச்சென்று இருந்தது. மற்றக் கற்களிலும் அதே கதைதான்.

“அருமையாக ஜோடி சேர்த்தீர்கள், தலைவரே!” என்று சொல்லிவிட்டு, வயிறு நிறைந்த நண்டு இடுக்குக்குள் போய்விட்டது.

“ஏன் ஓடினாய்? நீயெல்லாம் ஒரு தகப்பனா?” என்று செங்கண்ணன் பட்டுவாலன்மேல் பாய்ந்தது.

“கோபப்படாதீர்கள், மாமா! கிழிந்த வால் இந்தக் குளத்துக்கு ஆகாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? கிழிந்தால் என்னையும் விரட்டுவீர்களே!”

செங்கண்ணன் அந்தக் கீறலில்லாத வாலைப் பார்த்தது. உண்மைதான். கிழியாத வால் என்பது ஓடிப்போன வால். இது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

கறுத்தானைத் திரும்பக் கூப்பிட அது வாய்க்காலுக்குப் பறந்தது. மழைத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. ஒரு மீனையும் காணோம்.

“கந்தல் வால்காரர்களா?” என்றது கரையோரம் ஒட்டிக்கொண்டிருந்த நத்தை. “வெள்ளம் வந்ததுமே ஆற்றோடு போய்விட்டார்கள். கறுத்தான் மட்டும் கடைசிவரை குளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் கூப்பிட வரவில்லை.”

செங்கண்ணன் திரும்பி வந்தது. மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

முத்தழகி மெல்லத் திரும்பியது. அதன் வால் அடிவரை கிழிந்து தொங்கியது.

“அப்பா, இப்போது என் வாலும் கந்தல்தான். என்னையும் வாய்க்காலுக்கு அனுப்பிவிடுவீர்களா?”

செங்கண்ணன் அழுதது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்?

காவல் நின்று பட்ட கிழிசலைக் குறை என்று தள்ளுகிறவர்கள், காக்க ஆளில்லாத நாளில் அழுது பயனில்லை.