உடைக்காத குப்பி

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. இருவரின் கட்டிலுக்கும் நடுவே ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று நின்றது.

பாளையங்கோட்டையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டு அது. வாரத்தில் மூன்று நாள், காலை முறையில், இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஊசி ஏறிய இடது கையை அசைக்கக் கூடாது. வலது கை சும்மா கிடக்கும்.

குருவின் பெயர் ஜெயக்கனி. வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். எட்டு வருஷமாக அங்கே வருகிறாள். சீடர் தங்கப்பழம் அண்ணாச்சி. இரும்புக்கடை வைத்திருப்பவர். அவர் வரத் தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது.

முதல் நாள் ஊசியைக் கண்டதும் அண்ணாச்சி கையை இழுத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கை போனை நீட்டியது.

"ஊசியைப் பாக்காதீங்க அண்ணாச்சி. இதைப் பாருங்க."

திரையில் ஒரு முட்டை ஆடிக்கொண்டிருந்தது. தொட்டார். ஓடு விரிந்து, ஒற்றைக் கொம்போடு ஒரு பூதம் எட்டிப் பார்த்தது. அது தும்மியது. அண்ணாச்சி சிரித்துவிட்டார். அதற்குள் ஊசி ஏறியிருந்தது.

அன்றே தம் போனிலும் அந்த விளையாட்டை இறக்கிக்கொண்டார். தம் பூதத்துக்குக் கொம்பன் என்று பெயர் வைத்தார். ஜெயக்கனியை 'ஆசானே' என்று கூப்பிட்டார். முதலில் கேலியாகத்தான்.

விளையாட்டின் பெயர் பூதக்கோட்டை. பூதத்தை வளர்த்து மற்ற பூதங்களோடு மோத விட வேண்டும். மோத மோத அதற்குப் பசிக்கும். தலைக்கு மேல் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி மினுங்கும். இலை கொடுத்தால் பாதிப் பசி அடங்கும், கொஞ்சம் பலமும் ஏறும். இலை எங்கும் கிடைக்கும். அமுதக் குப்பி கிடைத்தால் அதை உடைத்துக் கொடுக்கலாம். பசி முழுக்கத் தீரும், காயம் ஆறும், பலம் மூன்று மடங்காகும். ஆனால் குப்பி லேசில் கிடைக்காது. வாரம் முழுக்க மோதி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இந்த ஒரு வருஷத்தில் அண்ணாச்சியிடம் பதினேழு குப்பிகள் சேர்ந்திருந்தன. ஒன்றைக்கூட உடைத்ததில்லை.

கடையிலும் அவர் அப்படித்தான். எந்தச் சாமானானாலும் கடைசி ஒன்றை விற்க மாட்டார். கடைசித் தாழ்ப்பாள், கடைசிக் கீல், கடைசிப் பூட்டு எல்லாம் மேல்தட்டில் தூசி படிந்து நிற்கும். கேட்டால், "அது சாம்பிளு" என்பார். குப்பி விஷயத்தில் அவருக்கு எல்லாமே கடைசி ஒன்றாகத் தோன்றியது.

கட்டிலில் ஏறிப் படுத்ததும் பையைத் திறந்து எண்ணுவார். எண்ணி முடித்த பிறகுதான் ஊசிக்குக் கையைக் கொடுப்பார்.

"கடைக்கு ஸ்டாக் எடுக்குதீயளா அண்ணாச்சி?" என்பாள் நர்ஸ் புஷ்பம்.

"நீ ஊசியைப் பாத்துக் குத்து சிஸ்டர்."

"எல்லாம் பத்திரமா இருக்கா?"

"இருக்கு, இருக்கு. கண்ணு போடாத."

ஜெயக்கனியின் பையில் பெரும்பாலும் இலைதான் இருக்கும். சிவப்புப் புள்ளி அணையும்வரை இலை கொடுத்துவிட்டுத்தான் போனை வைப்பாள். ஆனாலும் அவளுடைய பூதம் செவலையை வார்டில் யாராலும் வெல்ல முடிந்ததில்லை. செவலைக்கு ஒரு கண் இல்லை. இறக்கை ஓரம் கிழிந்திருக்கும். அவள் முதன்முதலாக அந்தக் கட்டிலில் படுத்த வாரத்தில் பொரித்த பூதம் அது.

குப்பி சேர்ப்பது அண்ணாச்சிக்கு ஓயாத வேலையாகிவிட்டது. கடையில் வாடிக்கையாளருக்கு ஆணி நிறுத்துக்கொண்டே ஒரு விரலால் மோத விடுவார். சாப்பாட்டுத் தட்டில் சோறு காய்ந்துபோகும். கொம்பன் ஜெயிக்கும். குப்பி வந்தால் பைக்குள் போகும். வராவிட்டால் இன்னொரு தடவை. கட்டை விரல் வீங்கி, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டார். ஜெயித்த சந்தோஷம் எப்போது நின்றுபோனது என்று அவருக்கே ஞாபகமில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"குப்பியை எப்ப உடைக்கணும்? சரியான நேரம்னு ஒண்ணு இருக்கணும்லா?"

ஜெயக்கனி தன் போனை அவர் பக்கம் சாய்த்தாள். அன்று அவள் பையில் ஒரு குப்பி இருந்தது. முந்தின நாள்தான் கிடைத்திருந்தது. செவலையை அவள் சதுப்பு ஓரத்துக்கு நடத்திப் போனாள். விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பழகும் இடம் அது. ஒரு தவளைப் பூதம் குதித்து வந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

ஜெயக்கனி குப்பியை உடைத்தாள். செவலை மடமடவென்று குடித்து, ஒரு மூச்சு விட்டது. தவளை குளத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

அண்ணாச்சி கட்டிலில் பாதி எழுந்துவிட்டார். இயந்திரம் கத்தியது.

"அசையாதீங்க அண்ணாச்சி!" என்று புஷ்பம் ஓடி வந்தாள்.

அவர் படுத்துக்கொண்டார். "போயும் போயும் தவளைக்கா?"

"ஆமா."

"ஒரு இலையைக் கொடுத்தே அதை அடிச்சிருக்கலாம்லா?"

"அடிச்சிருக்கலாம்."

"பெறவு எதுக்கு உடைச்ச?"

"இன்னைக்குக் குப்பி இருந்துச்சு. தவளை வந்துச்சு."

"நாளைக்கு ஒரு ராட்சசன் வந்தா என்ன செய்வ?"

"நாளைக்கு இலை இருக்கும்."

அண்ணாச்சி புஷ்பத்தைப் பார்த்தார். "கிறுக்கு ஆசான் வாய்ச்சிருக்கு சிஸ்டர் எனக்கு."

"நீங்க மட்டும் என்னவாம்?" என்றாள் புஷ்பம்.

பொங்கல் கழிந்து விளையாட்டில் கோட்டைத் திருவிழா வந்தது. ஏழாம் கோட்டையின் கதவு சில நாள் மட்டும் திறந்திருக்கும். உள்ளே இருக்கும் பாறைப் பூதத்தை வென்றால் ராஜகுப்பி கிடைக்கும். வார்டில் யாரிடமும் அது இல்லை. ஜெயக்கனியிடமும் இல்லை.

தனியாகப் போக முடியாது. இரண்டு பூதங்கள் வேண்டும். ஒன்று முன்னால் நின்று அடிகளைத் தாங்க வேண்டும். மற்றது பின்னால் நின்று அடிக்க வேண்டும். முன்னால் நிற்கும் பூதத்தைக் காப்பது பின்னால் நிற்பவர் பொறுப்பு. இலையோ குப்பியோ, அவர் பையிலிருந்துதான் போக வேண்டும். கோட்டைக்குள் விழுந்த பூதம் காடேறிவிடும். திரும்பி வராது.

கதவு மூடும் நாள் ஒரு சனிக்கிழமை. அன்று ஜெயக்கனிக்குக் காலையிலிருந்தே பிரஷர் இறங்கிக் கிடந்தது. உதடு வெளுத்திருந்தது.

"ஆசானே, கோட்டைக்குப் போவமா?"

"இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி. தலை சுத்துது."

"இன்னையோட கதவு மூடுது பிள்ள."

"மூடட்டும்."

"அடுத்த திருவிழாவுக்கு யாரு இருக்கா, யாரு இல்லியோ?"

சொன்ன பிறகுதான் எந்த இடத்தில் படுத்துக்கொண்டு சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஜெயக்கனி சிரித்தாள்.

"நல்லா பேசுதீய."

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். செவலையை முன்னால நிறுத்தினா போதும். மத்ததைக் கொம்பன் பாத்துக்கிடும்."

"செவலைக்கு வயசாயிட்டு அண்ணாச்சி. பாறைப் பூதம் அடிச்சா தாங்காது."

"என் பையில இத்தனை குப்பி எதுக்குக் கெடக்கு? செவலைக்கு ஒண்ணும் ஆக விடமாட்டேன். போதுமா?"

ஜெயக்கனி போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள்.

"சரி. வாங்க."

கோட்டைக்குள் செவலை முன்னால் போய் நின்றது. கிழிந்த இறக்கையை விரித்துக்கொண்டது. பாறைப் பூதம் அடித்தது. செவலை சறுக்கி, மறுபடி வந்து நின்றது. பின்னாலிருந்து கொம்பன் அடித்தது.

இரண்டாம் அடியில் செவலையின் பலம் பாதியாகக் குறைந்தது. அண்ணாச்சி இலை கொடுத்தார். கொஞ்சம் ஏறியது.

மூன்றாம் அடியில் அது முட்டிபோட்டது. அவர் இன்னொரு இலை கொடுத்தார்.

"அண்ணாச்சி," என்றாள் ஜெயக்கனி. குரல் பஞ்சாக இருந்தது.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் பிள்ள."

அவர் பையைத் திறந்தார். பதினேழு குப்பிகளும் வரிசையாக மின்னின. ஒன்றின் மேல் விரலை வைத்தார். பாறைப் பூதத்துக்கு இன்னும் கொஞ்சம் உயிர்தான் மிச்சம் இருந்தது. கொம்பன் இரண்டு அடி அடித்தால் தீர்ந்துவிடும். செவலை இன்னும் ஒரு அடி தாங்கும் என்று அவருக்குப் பட்டது. தாங்கிவிட்டால் பதினேழு பதினேழாகவே இருக்கும். விரல் குப்பியின் மேல் நின்றது. பிறகு பக்கத்தில் இருந்த இலைக்கு நகர்ந்தது.

இலை போய்ச் சேருவதற்குள் அடி விழுந்தது.

செவலை எழுந்திருக்கவில்லை. அதன் உடம்பு இலையிலையாக உதிர்ந்து காற்றில் போயிற்று. கொம்பன் இரண்டு அடி அடித்தது. பாறைப் பூதம் சரிந்தது. அண்ணாச்சியின் திரை முழுக்கப் பூ கொட்டியது. மேளம் முழங்கியது. ராஜகுப்பி உருண்டு வந்து பைக்குள் விழுந்தது.

அவர் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தார். பொத்தான் அகப்படவில்லை. மேளம் வெகுநேரம் முழங்கிக்கொண்டே இருந்தது.

ஜெயக்கனியின் திரையில் ஒரு காடு மட்டும் தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது. எழுந்து வெளியே போக முடியாது. மறுபக்கம் திரும்பிப் படுக்கவும் முடியாது. குழாய் இழுக்கும். அண்ணாச்சி மல்லாந்து கிடந்தார். ரத்தம் போவதும் வருவதுமாக இருந்தது.

"பிள்ள."

"ம்."

"குப்பி மேல விரல் வச்சுட்டேன். உடைக்கத்தான் போனேன்."

"பாத்தேன்."

"இன்னும் ஒரு அடி தாங்கும்னு நெனைச்சிட்டேன்."

அவள் கவிழ்ந்து கிடந்த போனை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

புஷ்பம் வந்து ஜெயக்கனியின் பிரஷரைப் பார்த்தாள். கால்பக்கம் கட்டிலை உயர்த்திவிட்டு, சலைன் பாட்டிலை மாட்டினாள். "என்ன, ரெண்டு பேரும் சண்டையா?" என்றாள். அதற்குள் வேறொரு கட்டிலின் இயந்திரம் கத்த, அங்கே ஓடினாள்.

"ராஜகுப்பியை உன் பேருக்கு அனுப்பிருதேன்," என்றார் அண்ணாச்சி.

"எதுக்கு?"

"நீ வச்சுக்கோ. மத்தது எல்லாத்தையும் அனுப்புதேன். பதினேழும்."

"குடிக்கிறதுக்குச் செவலை இல்லியே அண்ணாச்சி."

"என்னை ஏசிரு பிள்ள. நாலு வார்த்தை நல்லா ஏசிரு."

"ஏசுறதுக்குத் தெம்பு வேணும்லா?"

அதில் கோபம் இருக்கிறதா என்று அவர் தேடிப் பார்த்தார். அலுப்புதான் இருந்தது. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எதிர்க் கட்டில்காரர் முறை முடிந்து இறங்கிப் போனார். விரிப்பை மாற்றினார்கள். அண்ணாச்சி தம் போனை எடுத்தார். கோட்டை வாசலில் கொம்பன் ஒற்றையாக நின்றது. காலடியில் ராஜகுப்பி தங்க நிறத்தில் சுழன்றது. தலைக்கு மேல் சிவப்புப் புள்ளி மினுங்கியது. அந்தப் புள்ளி இல்லாமல் கொம்பனை எப்போதாவது பார்த்திருக்கிறோமா என்று யோசித்தார். அப்படி ஒரு நாள் ஞாபகத்துக்கு வரவில்லை.

பக்கத்தில் ஜெயக்கனி கண்ணை மூடியிருந்தாள். முகம் மட்டும் கொஞ்சம் தெளிந்திருந்தது. அழுத தடம் இல்லை. தூங்குகிறவள்போலச் சீராக மூச்சு விட்டாள்.

அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஆசானே."

"சொல்லுங்க."

"எட்டு வருஷம் வளர்த்த உசுரு. கண்ணு முன்னால போச்சு. நான் இங்க கெடந்து துடிக்கேன். நீ எப்படி இப்படி நிம்மதியாப் படுத்திருக்க?"

ஜெயக்கனி கண்ணைத் திறக்கவில்லை.

"செவலை ஒரு நாளும் பசியோட தூங்கினதில்ல அண்ணாச்சி."