வாய் வைக்காத குழம்பு

நாவலாசிரியர் அஞ்சலாட்சிக்குச் சீடர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் தேசிங்கு. ஆசிரியரைவிடச் சில வயது மூத்தவர். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர். எழுத வந்தது தாமதமாக. சீடர் ஆசிரியரை "டீச்சர்" என்பார். ஆசிரியர் சீடரை "அண்ணா" என்பார். இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

போகியன்று பிற்பகல் தேசிங்கு திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார். தோள்பையில் அவருடைய முதல் நாவலின் ஒரு அத்தியாயம் இருந்தது. மீதி நாவல் பதிப்பாளரிடம் இருந்தது. பதிப்பாளர் காலையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். பொங்கலுக்கு அச்சகத்தை மூடப் போகிறார்கள். இந்த அத்தியாயத்தை வைப்பதா எடுப்பதா என்று இன்று இரவுக்குள் சொல்லாவிட்டால், புத்தகக் கண்காட்சி முடிவதற்குள் நாவல் வராது.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அஞ்சலாட்சி சமையல்கட்டில் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

"குளிச்சிட்டுத்தானே வந்தீங்க?"

"குளிச்சேன் டீச்சர்."

"அப்ப உள்ள வாங்க. கத்திரிக்காயை அரிஞ்சு தண்ணியில போடுங்க. இன்னிக்கு எங்க மாமனார் மாமியாருக்குப் படையல். விளக்கு வெக்கறதுக்குள்ள எல்லாம் ஆகணும்."

தேசிங்கு பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினார்.

"இதை மட்டும் ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு..."

"கையெல்லாம் புளி. ஃப்ரிட்ஜ் மேல வைங்க."

வைத்தார். காற்றில் பறந்துவிடக் கூடாதென்று மேலே ஒரு தேங்காயையும் வைத்தார். பிறகு கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எந்த அத்தியாயம்?"

"அம்மாவோடது, டீச்சர்."

அஞ்சலாட்சிக்கு அது தெரியும். எழுதுவதற்கு முன்பே தேசிங்கு வாயால் சொல்லியிருந்தார்.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பா திரும்பி வராத வருடம் அது. பொங்கலன்று வீட்டில் அரிசிகூட இல்லை. அம்மா தனபாக்கியம் ஒரு தூக்குச்சட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போனாள். தெரிந்த வீடுகளின் பின்வாசலில் நின்றாள். கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து தன்னுடைய சட்டிகளில் மாற்றினாள். அடுப்பை மூட்டிச் சூடு பண்ணினாள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு, "அம்மா சமைச்சிருக்கேன், வாங்க" என்றாள்.

தட்டில் இருந்த வடைகளில் ஒன்றில் வெங்காயம் இருந்தது. இன்னொன்றில் இல்லை. மூன்றாவது, நடுவில் ஓட்டையே இல்லாமல் தட்டையாக இருந்தது. சிறுவன் தேசிங்கு மூன்றையும் பார்த்தான். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிச் சாப்பிட்டான்.

தனக்குத் தெரியும் என்பதை அவர் இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை.

"ஃப்ரெண்டு ஒருத்தர் எடுத்துடுங்கறார்," என்றார் தேசிங்கு. "ஊர்ல தலைகாட்ட முடியாதுங்கறார். காலேஜ்ல எனக்குப் பாடம் எடுத்த சார், இதுதான் நாவலே, இதை எடுத்துட்டா மீதி எதுக்குங்கறார். தங்கச்சி வீட்டுக்காரர் படிச்சிட்டு ஒரு வாரமா எங்கிட்ட பேசல."

"நாவல் படிக்கற மச்சானா? குடுத்து வெச்சவர் நீங்க."

தேசிங்கு சிரிக்கவில்லை. கத்திரிக்காயை இன்னும் சிறிதாக அரிந்தார்.

"அண்ணா, அது குழம்புக்கு. சட்னிக்கு இல்ல."

காராமணி வெந்து குழம்பு கொதிக்க ஆரம்பித்தது. வாசனை வந்தது. தேசிங்கு கரண்டியால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விடப் போனார். அஞ்சலாட்சி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"படையல் சமையல். வாய் வெக்கக் கூடாது."

"ஒரு சொட்டுகூடவா?"

"அவங்களுக்குன்னு பண்றது. அவங்க வாயில படறதுக்கு முன்னாடி நம்ம வாயில படக் கூடாது."

"அப்ப உப்பு சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாமலா வருஷா வருஷம் சமைக்கறீங்க?"

"ஆமா. போன வருஷம் உப்பே இல்ல."

மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார். தேசிங்கு கரண்டியைக் கழுவி மேடைமேல் வைத்தார். அவர் எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் யாராவது ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போவார். காட்டாத நாட்களில் அவருக்குத் தூக்கம் வராது.

பாயசத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி பாதியில் நிறுத்தினார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். தேசிங்குக்கு இது பழக்கம்தான். அஞ்சலாட்சிக்கு எழுதுவதற்கென்று அறை கிடையாது. குழாயில் தண்ணீர் வரும்வரை, குக்கர் விசில் அடிக்கும்வரை, கணவர் ராஜாங்கம் வேலைக்குக் கிளம்பும்வரை என்று துண்டு துண்டாக எழுதித்தான் ஏழு நாவல் முடித்திருந்தார். இப்போதும் ஏதோ ஒரு வாக்கியம் வந்துவிட்டது. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

சமையல்கட்டில் தேசிங்கும் குழம்பும் தனியாக இருந்தார்கள்.

"டீச்சர், இதுக்கு உப்பு போட்டாச்சா?"

பதில் இல்லை. எழுதும்போது அவருக்கு எதுவும் காதில் விழாது.

தேசிங்கு யோசித்துப் பார்த்தார். புளி ஊற்றியதைப் பார்த்திருந்தார். மிளகாய்த்தூள் போட்டதைப் பார்த்திருந்தார். உப்பு போட்டதைப் பார்க்கவில்லை. நடுவில் கத்திரிக்காயைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தார். அப்போது போட்டிருக்கலாம். போடாமலும் இருக்கலாம். போன வருஷம் போடவில்லை.

குனிந்து மோந்து பார்த்தார். உப்புக்கு வாசனை இல்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பதிப்பாளர். எடுக்கவில்லை. போன் அதிர்ந்து அடங்குவதற்குள் அவருடைய கை உப்பு ஜாடிக்குள் போய், ஒரு கை கல்லுப்பை அள்ளிக் குழம்பில் போட்டுவிட்டது. கலக்கினார். கலக்கக் கலக்க, போட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

அஞ்சலாட்சி திரும்பி வந்து அடுப்பை அணைத்தார். தேசிங்கு ஒன்றும் சொல்லவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் ராஜாங்கம் இலைக்கட்டோடு வந்தார். பின்னாலேயே அவருடைய அக்கா செங்கமலம் வெற்றிலை பாக்கு, அப்பாவுக்குச் சுருட்டு, அம்மாவுக்கு ஒரு நூல் புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலிருந்து வந்தாள். தேசிங்கைப் பார்த்தாள்.

"இவரும் கதை எழுதறவரா? ஒரு வீட்டுக்கு ஒருத்தரே போதும்னு பாத்தா."

ஃப்ரிட்ஜ் மேலிருந்த தேங்காயைப் படையலுக்கு எடுத்தாள். தாள்கள் காற்றில் எழும்பின. தேசிங்கு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு இலை போட்டார்கள். சோறு, காராமணிக் குழம்பு, வடை, பாயசம், அவரைக்காய்ப் பொரியல். கற்பூரம் காட்டினார்கள். பிறகு அந்த வீட்டு வழக்கப்படி எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். உள்ளே வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

வாசலில் நான்கு பேரும் பேசாமல் நின்றார்கள். தேசிங்கு மட்டும் நிற்க முடியாமல் கால் மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆசிரியர் பக்கமாகச் சாய்ந்தார்.

"டீச்சர். நீங்க கூடத்துக்குப் போனப்ப நான் குழம்புல உப்பு போட்டேன்."

"எவ்ளோ?"

"ஒரு கை."

"கல்லுப்பா?"

"கல்லுப்புதான்."

அஞ்சலாட்சி சாத்திய கதவைப் பார்த்தார்.

"நானும் ஒரு கை போட்டேன்."

இது செங்கமலத்தின் காதில் விழுந்துவிட்டது.

"எங்கம்மாவுக்கு பிரஷர்," என்றாள் தேசிங்கைப் பார்த்து. "கடைசி மூணு வருஷம் உப்பில்லாத கஞ்சிதான். இன்னிக்காவது ருசியா சாப்பிடட்டும்."

"அக்கா, சும்மா இரு," என்றார் ராஜாங்கம். அவருக்கும் சிரிப்பு வந்தது. துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

தேசிங்கு கதவருகே போனார்.

"கதவைத் திறந்து குழம்பை மட்டும் எடுத்துடலாமா டீச்சர்?"

"சாப்டறவங்க எலையிலேர்ந்தா?"

தேசிங்கு தலைகுனிந்து நின்றார். உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராஜாங்கம் கதவை மூன்று முறை தட்டிவிட்டுத் திறந்தார். விழுந்து கும்பிட்டார்கள். படைத்ததைச் சோற்றோடு கலந்து, எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறினார்கள்.

செங்கமலம்தான் முதல் வாய் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் சேத்துப் பாத்தா சரியாத்தான் வருது, அஞ்சலாட்சி."

"அண்ணி, வெறுஞ்சோறு நெறைய இருக்கு. கலந்துக்குங்க."

"கலந்துட்டேன். இன்னும் ஒரு படி வேணும்."

தேசிங்கு சாப்பாட்டில் வைத்த கையை எடுத்தார்.

"தப்பு என்னோடது. டீச்சர் சரியாத்தான் போட்டிருந்தாங்க."

"உங்களை யாரு கேட்டா?" என்றாள் செங்கமலம். "பாயசத்தைக் குடிங்க. அது தப்பிச்சிருக்கு."

எல்லோரும் சாப்பிட்டு எழுந்தார்கள். செங்கமலம் சுருட்டையும் வெற்றிலையையும் எடுத்து வைக்கப் போனாள். ராஜாங்கம் இலைகளைச் சுருட்டிக்கொண்டு போனார். தேசிங்கின் போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை எடுத்தார். "ஒரு மணி நேரத்துல சொல்லிடறேன் சார்" என்று சொல்லி வைத்தார்.

அஞ்சலாட்சி கை கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். தேசிங்கு தாள்களை எடுத்து வந்து நீட்டினார்.

"இப்ப கை காஞ்சிருக்கு, டீச்சர். பத்து நிமிஷம்தான் ஆகும். நீங்க வைக்கச் சொன்னா வைக்கறேன். எடுக்கச் சொன்னா எடுத்துடறேன். வேற யாரையும் இனிமே கேக்கல."

அஞ்சலாட்சி வாங்கிக்கொண்டார். கசங்கியிருந்த ஒரு முனையை நீவி விட்டார். படிக்கவில்லை.

"இதை இதுவரைக்கும் யாரெல்லாம் படிச்சாங்க?"

"ஃப்ரெண்டு படிச்சார். சார் படிச்சார். மச்சான். பதிப்பாளர். அவரு ஆபீஸ்ல மெய்ப்பு பாக்கற பொண்ணு ஒண்ணு. அது அழுதுச்சுன்னு சொன்னாங்க."

"அம்மா?"

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது டீச்சர்."

"காது கேக்குமில்ல?"

தேசிங்கு அவர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். உள்ளே செங்கமலம் பாத்திரங்களை அடுக்குகிற சத்தம் கேட்டது. தேசிங்கு தணிந்த குரலில் கேட்டார்.

"வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொல்லலாம்."

"அப்ப புத்தகம்?"

அஞ்சலாட்சி தாள்களை ஒழுங்காக மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"உங்க ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்குண்ணா?"