தறிகள் நின்ற வெள்ளிக்கிழமை

"ஏம்புள்ள, எங்கிட்ட மட்டும் ஏன் யாரும் நெசத்தைச் சொல்ல மாட்டேங்கறாங்க?"

கலாமணி கேட்டது ஜெரினாவிடம். இருவரும் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள். ஒரே சம்பளம், ஒரே நிறச் சேலை, ஏறக்குறைய ஒரே வயது. ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று சுகாதார நிலையத்தில் ஜோடி போட்டுவிட்டிருந்தார்கள். இந்த மாதம் ஜெரினா குரு, கலாமணி சிஷ்யை. அடுத்த மாதம் மாறிக்கொள்ள வேண்டும். குருவாவதற்கு இதைவிடச் சுலபமான வழி உலகத்தில் இல்லை.

"எதைச் சொல்லலை?" என்றாள் குரு.

"இருமலைத்தான். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்குதான்னு கேக்கறேன். எங்க தெருவுல ஒருத்தருக்கும் இல்லியாமா. ஒருத்தருக்குக்கூட!"

அவள் புலம்பலில் நியாயம் இருந்தது. காசநோய் பார்க்கும் எக்ஸ்ரே வண்டி சனிக்கிழமை ஊருக்கு வருகிறது. இருமல்காரர்கள் இருக்கும் தெருவுக்கு மட்டும்தான் போகும். போன வருஷம் இதே தெருவில் சின்ராசு அண்ணன் ரத்தம் கக்கிய பிறகுதான் நோய் தெரிந்தது. மனுஷன் பிழைக்கவில்லை. அவருக்கும் 'இருமல் இல்லை' என்றுதான் கலாமணி எழுதிக் கொடுத்திருந்தாள். அதை நினைத்தால் அவளுக்கு இன்னமும் சோறு இறங்காது.

"எப்படிக் கேக்கறே? காட்டு."

காட்டினாள். கலாமணி பிறந்தது, வாக்கப்பட்டது எல்லாமே அந்த விசைத்தறித் தெருவில்தான். வீட்டுக்கு வீடு தறி. ஒவ்வொரு தறிக்கூடமாக நுழைந்து தொண்டை கிழியக் கத்தினாள். தறிக்காரர்கள் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை ஆட்டினார்கள். இல்லையாம்.

ஜெரினா ஆற்றுக்கு அந்தப் பக்கம், மஞ்சள் விளையும் ஊர்க்காரி. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

"ஏதாச்சும் சொல்லு புள்ள. நீதான இந்த மாசம் குரு?"

"வெள்ளிக்கிழமை வர்றேன்."

"அன்னிக்குக் கரண்ட்டு இருக்காது. மாசாமாசம் நிறுத்துவாங்க. ஒருத்தரும் தறியில இருக்க மாட்டாங்க."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியோரம் நின்றார்கள். தறிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கலாமணி பேனாவை எடுத்தாள். ஜெரினா அதைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி! நாளைக்கு வண்டி வருது. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்."

ஜெரினா உதட்டில் விரலை வைத்தாள்.

கரண்ட் போயிற்று.

தெருவிலிருந்த தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன.

முதலில் ஒரு காக்கை கத்தியது. எங்கோ குக்கர் விசில் அடித்தது.

பிறகு பக்கத்து வீட்டில் ஓர் இருமல்.

எதிர்வீட்டில் ஒன்று. பால்காரர் வீட்டுப் பின்கட்டில் ஒன்று, வறட்டு இருமல், நிற்கவே இல்லை. தள்ளி இன்னொன்று. அதற்கும் தள்ளி இன்னொன்று.

கலாமணி கையை நீட்டினாள்.

"குடுடி பேனாவை!"

ஓடினாள். முதல் வீட்டில் மயிலாத்தாள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க்கா, இருமல் இல்லைன்னீங்களே?"

"இது இருமலா கண்ணு? பஞ்சுத் தூசு. தறி ஓட்டறவளுக்கு வராம வேற யாருக்கு வரும்?"

"எப்பருந்துங்க?"

"அது கெடக்குது. ஆடி நோம்பிக்கு முன்னாலருந்து."

"இப்ப ஐப்பசிங்க்கா!" என்று கூவியே விட்டாள் கலாமணி.

அடுத்த வீட்டிலும் அது இருமல் இல்லை, தூசுதான். அதற்கடுத்த வீட்டிலும் தூசுதான். தறி நின்றதால் எல்லோருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருந்தது. ஒருவர் ராத்திரியில் வேர்த்துக் கொட்டுவதைச் சொன்னார். ஒருத்தி ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போனதைச் சொன்னாள். கலாமணி எழுதினாள், ஓடினாள், மறுபடி எழுதினாள். தாள் தீர்ந்து ஜெரினாவிடம் வாங்கினாள். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

தெருக்கோடியில் நின்று சுகாதார நிலையத்துக்கு ஃபோன் போட்டாள்.

"சார், வண்டி மொதல்ல எங்க தெருவுக்குத்தான் வரோணும்! பேரெல்லாம் இருக்குதுங்க சார்!"

வரும் என்றார்கள்.

"வருதாம் புள்ள! வருதாம்!" நடுத்தெரு என்றும் பாராமல் ஜெரினாவைக் கட்டிக்கொண்டாள். "ஒரு வீடு விடலை பாத்துக்க!"

ஜெரினா அவள் தோளுக்கு மேலாக ஒரு பச்சைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். விட்டுவிட்டு, மறுபடியும் இருமினார்கள்.

"அது யாரு?"

"எங்கூட்டுக்காரர்தான் புள்ள. அவருக்கென்ன, அது வெறும் தூ..."

சொல்லி முடிக்காமல் கலாமணி வீட்டுக்குள் ஓடினாள்.