பத்து மணிக்கு மூடப்படும் ஊர்

ஐப்பசி மாதத்து இரண்டாம் வியாழன், மாலை ஐந்து மணி. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

ஆலங்கரை இன்ஸ்பெக்டர் கோமதிநாயகம் வேட்டி சட்டையில் மடத்துக்கு வந்தார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. மடத்தின் தலைவி தவமணி அம்மையாருக்கு நாற்பத்தொன்று. ஆயினும் இரண்டு ஆண்டுகளாக அவர்தான் இன்ஸ்பெக்டருக்குக் குரு.

"இந்தக் குடிகாரப் பயல்களுக்கு என்னதாம்மா செய்யிறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்ன செய்திருக்கிறீர்கள்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். இருபத்து மூன்று பெயர்கள்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இது கலெக்டர் ஆபீசுக்குப் போகுது. குண்டர் சட்டம். ஒரு வருஷம் வெளியே வர முடியாது."

அம்மையார் படித்தார். நான்காவது பெயரில் விரல் நின்றது.

"வண்டிமலை. நமக்கு வாழையிலை கொண்டுவருகிறவன்."

"அவனேதான். போன வாரம் ஒரு ஆட்டோக் கண்ணாடியை உடைச்சிருக்கான். கேட்டா, ஏன் உடைச்சேன்னு தெரியலைங்கான்."

"எத்தனை மணிக்கு?"

"பத்தேகால். எல்லாச் சண்டையும் பத்தேகாலுக்குத்தான்."

"பத்து மணிக்கு என்ன நடக்கிறது?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவர் பெருமைப்படும் விஷயம்.

"மூணு பாரையும் டாண்ணு ஒரே நேரத்தில மூடிருவேன். பரோட்டாக் கடை, டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் காலி. பத்து அடிச்சா பஸ் ஸ்டாண்டுல ஒரு லைட்டு எரியாது. அவ்வளவு கண்டிப்பு."

"கடைசி பஸ்?"

"ஒன்பது நாற்பது."

அம்மையார் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்று இங்கே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்றார்.

பிறகு உள்ளே சென்று சமையற்காரரிடம் சில வார்த்தைகள் பேசினார்.

வியாழக்கிழமைகளில் அந்த மடத்தில் மூன்று பந்திகள் நடக்கும். ஒரு பந்திக்கு ஒரு வாசல். செருப்பும் அந்தந்த வாசலில். உண்டவர்கள் எழுந்து போகும் சத்தம்கூடக் கேட்காது என்பார்கள்.

அன்று ஒரே பந்தி. நூற்றிருபது பேரும் கிழக்கு வாசல் வழியாகவே வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள்.

எட்டு மணிக்கு மணி அடித்தது.

"எல்லோரும் எழுந்திருங்கள். மடம் மூடுகிறோம்" என்றார் சமையற்காரர்.

மோர் பாதி இலைகளுக்கு வந்திருக்கவில்லை. தெற்கு வாசலும் மேற்கு வாசலும் பூட்டிக் கிடந்தன. கிழக்கு வாசலில் விளக்கு அணைந்திருந்தது. வெளியே மழை வலுத்திருந்தது. படியின் கீழே நூற்றிருபது ஜோடிச் செருப்புகள் ஒரே குவியலாக.

"தள்ளாதீங்கய்யா!"

"நான் எங்க தள்ளுதேன்? பின்னால ஊரே தள்ளுது!"

"ஏ, அது என் குடை!"

இன்ஸ்பெக்டர் இருட்டில் காலால் துழாவினார். அவருடைய புதுத் தோல்செருப்பின் மேல் யாரோ நின்றுகொண்டிருந்தார்.

"காலை எடும் வே. என் செருப்பு."

"உம்ம செருப்பா? பேரு எழுதியா கிடக்கு?"

"எடும்னு சொன்னேன்."

"எடுக்கலைன்னா? என்ன வே செய்வீரு?"

இன்ஸ்பெக்டரின் கை அந்த மனிதரின் காலரைப் பற்றியது. துணி கிழிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

விளக்கு எரிந்தது. தெற்கு வாசலும் மேற்கு வாசலும் திறக்கப்பட்டன.

காலரைப் பறிகொடுத்து நின்றவர் அரிசி மண்டிக் கணக்கர் ஆவுடையப்பன். மழைத்தண்ணீர் வழிந்த கண்ணாடிக்குப் பின்னால் அவருக்கு எதிரில் நிற்பவர் யாரென்று தெரியவில்லை.

"சட்டையைக் கிழிச்சிட்டீரு, என்ன? விடமாட்டேன் வே. நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். இன்ஸ்பெக்டர்கிட்ட எழுதிக் குடுக்கேன்."

யாரோ சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள்.

"அவ்வளவு தூரம் போக வேண்டாம்" என்றார் அம்மையார். "அவர் இங்கேதான் இருக்கிறார்."

ஆவுடையப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பின்வாங்கப் பார்த்தார்; காலர் இன்னும் இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது.

"சொல்லுங்கள். உங்கள் சட்டையைக் கிழித்தவர் குடித்திருந்தாரா?"

"இல்லம்மா. என் பக்கத்து இலைதான்." ஆவுடையப்பன் தயங்கினார். "ரசம் ரெண்டு தடவை வாங்கினாரு. வேற ஒண்ணும் நான் பார்க்கலை."

இன்ஸ்பெக்டர் காலரை விட்டார். முகம் சிவந்திருந்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். காவல் நிலையத்துக் குரல் தானாக வந்தது.

"வாசல் லைட்டை அணைச்சது யாரு?"

அவர் மற்ற வாசல்களின் பக்கம் கையை நீட்டினார்.

"மத்த ரெண்டு வாசலையும் பூட்டினது யாரு? பாதிச் சாப்பாட்டில இத்தனை பேரையும் ஒரே நேரத்தில மழையில இறக்கிவிட்டது யாரு?"

"நான்" என்றார் அம்மையார்.

"அறிவிருக்கா, இப்படிச் செஞ்சா ஜனங்க..."

இன்ஸ்பெக்டர் பேச்சைப் பாதியில் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார்.

மழை பெய்துகொண்டிருந்தது. ஜனங்கள் மூன்று வாசல்களிலும் அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, குடை இல்லாதவர்களைக் குடைக்குள் அழைத்துக்கொண்டு, போய்க்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

"பஸ் டெப்போ மேனேஜர் இந்நேரம் வீட்டில இருப்பாரா வே?"

"இருப்பாரு சார். எங்க தெருதான்."

"வாரும். வழி காட்டும்."

மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டியல் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஆலங்கரையில் ஒரு பார் ஒன்பதேகாலுக்கும், இன்னொன்று ஒன்பதே முக்காலுக்கும், மூன்றாவது பத்துக்கும் மூடுகின்றன. பரோட்டாக் கடைகள் பதினொன்று வரை உண்டு. கடைசி பஸ் பத்து நாற்பது. பஸ் ஸ்டாண்டில் கூடுதலாகப் போட்ட நான்கு விளக்குகளுக்கான செலவை, மூன்று பார்க்காரர்களும் அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் கொடுத்துவிட்டார்கள்.

சட்டைக்கு உரிய முந்நூற்றிருபது ரூபாயை இன்ஸ்பெக்டர் அடுத்த வியாழனன்று மடத்திலேயே கொடுத்தார். ஆவுடையப்பன் அதில் ஐம்பதைத் திருப்பித் தந்தார். காலரில் முன்பே ஒரு கிழிசல் இருந்ததாம்.